எந்த அசெம்ப்ளரை எடுப்பது?

'பிஎக்ஸ் ரெஜிஸ்டரில் இருப்பதை ஏஎக்ஸுக்கு நகலெடு' என்று இன்டெல் 8086 குடும்பத்துப் பிராசஸரிடம் சொல்ல இரண்டு வழிகள் உண்டு. ஹெக்ஸ் எண்களில் எழுதினால் ஒன்று 89 டி8, மற்றொன்று 8பி சி3. இரண்டுக்கும் நீளம் இரண்டே பைட். விளைவில் மயிரிழை வேறுபாடும் கிடையாது. முதல் வடிவம், ஒரு ரெஜிஸ்டரிலிருந்து இன்னொரு ரெஜிஸ்டருக்கோ நினைவகத்துக்கோ அனுப்பும் கட்டளை. இரண்டாவது, ரெஜிஸ்டரிலிருந்தோ நினைவகத்திலிருந்தோ எடுத்து ஒரு ரெஜிஸ்டரில் வைக்கும் கட்டளை. இரு பக்கமும் ரெஜிஸ்டராகவே அமைந்துவிட்டால் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. 1978இல் 8086 வெளிவந்தபோதே இந்த இரட்டிப்பு இருந்தது. இன்று இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசஸர் உள்ள எந்தக் கணினியிலும் அது அப்படியே இருக்கிறது.

நிரல் எழுதுகிறவர் 'மூவ் ஏஎக்ஸ், பிஎக்ஸ்' என்று எழுதுவதோடு சரி. எந்த இரண்டு பைட் என்று முடிவு செய்வது அசெம்ப்ளர். எதைத் தேர்ந்தெடுத்தாலும் நிரல் ஓடும் என்பதால் பெரும்பாலானவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. ஒருவர் கவனித்தார். 1980களில் ஏ86 என்ற அசெம்ப்ளரை எழுதி, ஷேர்வேர் முறையில் பரப்பிய எரிக் ஐசாக்சன்தான் அவர். யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்துப் பார்க்கலாம், தொடர்ந்து பயன்படுத்துகிறவர் பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்பது அந்த முறை. ஏ86, இப்படி இரட்டை வடிவம் உள்ள கட்டளைகள் வரும் இடங்களில் எல்லாம் தனக்கே உரிய ஒரு வரிசையில் வடிவங்களைத் தேர்ந்தெடுத்தது. முடிந்த நிரலைப் பிரித்துப் பார்த்தால் இது ஏ86 உருவாக்கியது என்று கண்டுபிடித்துவிடலாம். பணம் கட்டாமல் அதைக் கொண்டு வணிக மென்பொருள் செய்து விற்பவரைப் பிடிக்க அது ஒரு கைரேகை. ஐசாக்சன் இதை ஒளிக்கவும் இல்லை. கையேட்டிலேயே எழுதி வைத்திருந்தார்.

எனக்கு மிகவும் பிடித்த கணினிக் கதைகளில் இது ஒன்று. பிராசஸரோடு நேருக்கு நேர் பேசுகிறோம் என்ற நம்பிக்கையில்தான் ஒருவர் அசெம்ப்ளி மொழிக்கு வருகிறார். அங்கேயும் ஒரு மென்பொருள் நடுவில் நின்று, நம் பெயரில் சிறிய முடிவுகளை எடுத்துக்கொண்டே இருக்கிறது. சொந்தக் கணினியில் ஒரு நிரல் எழுத உட்காரும் ஒருவர் 'எந்த அசெம்ப்ளர் நல்லது?' என்று கேட்கும்போது உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: என்னென்ன முடிவுகளை அது எனக்காக எடுக்கும், அவற்றை என்னால் பார்க்க முடியுமா? வேகம், அளவு என்று வழக்கமாகச் சொல்லப்படும் ஒப்பீடுகள் இதற்குப் பிறகுதான். இன்றைய கணினியில் எந்த அசெம்ப்ளரும் பத்தாயிரம் வரிகளைக் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும்.

பதினான்கு பைட்டுகள்

அசெம்ப்ளர் என்ன செய்கிறது என்பதை ஒரு சின்ன நிரலில் பார்த்துவிடலாம். டாஸ் காலத்துக் 'காம்' வகைக் கோப்பு ஒன்று, திரையில் ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து 'ஹலோ' காட்டுகிறது:

மூவ் ஏஎச், 9
மூவ் டிஎக்ஸ், செய்தி
இன்ட் 21எச்
ரெட்
செய்தி: டிபி 'ஹலோ$'

முதல் வரி பி4 09 என்ற இரண்டு பைட் ஆகும். இரண்டாவது, பிஏ என்று தொடங்கி முகவரிக்கு இரண்டு பைட் சேர்த்து மூன்று. மூன்றாவது சிடி 21. நான்காவது சி3 என்ற ஒற்றை பைட். ஆக, கட்டளைகள் 8 பைட். ஹலோவும், எழுத்துத் தொடர் முடிந்தது என்று டாஸுக்குச் சொல்லும் டாலர் குறியும் சேர்ந்து 6 பைட். முழு நிரலும் 14 பைட். காம் கோப்பை டாஸ் எப்போதும் நினைவகத்தில் ஹெக்ஸ் 100 என்ற இடத்தில், அதாவது 256ஆவது பைட்டிலிருந்து ஏற்றும். எட்டு பைட் தள்ளிச் செய்தி தொடங்குவதால் அதன் முகவரி 108. அது 08 01 என்று கீழ்ப் பாதி முன்னால் வருமாறு திருப்பி எழுதப்படுகிறது. இன்டெல் குடும்பத்தின் வழக்கம் அது.

சிக்கல் இரண்டாவது வரியில் இருக்கிறது. அதைப் படிக்கும் நேரத்தில் 'செய்தி' என்ற பெயர் எங்கே வரப்போகிறது என்று அசெம்ப்ளருக்குத் தெரியாது. எனவே நிரலை இரண்டு முறை படிக்கிறது. முதல் முறை ஒவ்வொரு வரியும் எத்தனை பைட் என்று எண்ணிக்கொண்டே போய்ப் பெயர்களுக்கு முகவரி குறித்துக்கொள்கிறது. இரண்டாம் முறை பைட்டுகளை எழுதுகிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் மைக்ரோபிராசஸர் லேபில் 8085 கிட்டில் நிரல் ஏற்றியவர்களுக்கு இது கைப்பழக்கம். எம்விஐ ஏ, 05 என்றால் 3இ 05 என்று அட்டவணையைப் பார்த்து நோட்டில் எழுதி, தாவ வேண்டிய முகவரிகளை மட்டும் காலியாக விட்டு, கடைசி வரி வந்தபின் திரும்பிப் போய் நிரப்புவார்கள். இரண்டு முறை படிக்கும் அசெம்ப்ளரின் வேலையை அவர்கள் கையாலேயே செய்திருக்கிறார்கள்.

கணினியே அந்த வேலையைச் செய்யட்டும் என்ற எண்ணம் மிகப் பழையது. லண்டன் பர்க்பெக் கல்லூரியின் கணினித் திட்டத்தில் கேத்லீன் பூத் 1940களின் இறுதியில் இதற்கு அடித்தளம் போட்டார். கேம்பிரிட்ஜில் 1949இல் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு டேவிட் வீலர் 31 கட்டளைகளில் ஒரு தொடக்க நிரல் எழுதினார். கூட்டலுக்கு ஏ, கழித்தலுக்கு எஸ் என்று ஒற்றை எழுத்தில் துளையிட்ட காகித நாடாவைப் படித்து, அதை இயந்திர மொழியாக்கி நினைவகத்தில் வைத்துவிடும். 31 கட்டளைகளில் இவ்வளவு செய்ய முடிந்தது என்பதை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

இனித் தாவல் கட்டளைக்கு வருவோம். 8086இல் கிட்டத்தில் தாவ இரண்டு பைட் போதும். இபி என்ற பைட்டுக்குப் பின் தூரம் ஒரு பைட்டில், முன்னே 127, பின்னே 128 வரை. அதற்கு மேல் என்றால் இ9 என்று தொடங்கும் மூன்று பைட் வடிவம் வேண்டும். எந்த வடிவம் என்பது தூரத்தைப் பொறுத்தது. தூரமோ, நடுவில் உள்ள கட்டளைகளின் நீளத்தைப் பொறுத்தது. அவற்றிலும் தாவல்கள் இருக்கலாம். ஒன்றின் நீளம் மாறினால் இன்னொன்றின் தூரம் மாறுகிறது. இரண்டு முறை மட்டும் படிக்கும் அசெம்ப்ளருக்கு இது முடிச்சு.

மைக்ரோசாஃப்ட்டின் பழைய மேக்ரோ அசெம்ப்ளர், அதாவது மாஸ்ம், இந்த முடிச்சை ஒரு குறுக்கு வழியில் அவிழ்த்தது. முன்னோக்கித் தாவும் கட்டளைக்கு முதல் முறை மூன்று பைட் ஒதுக்கும். இரண்டாம் முறை பார்க்கும்போது இலக்கு கிட்டத்தில் இருந்தால் இரண்டு பைட் வடிவத்தை எழுதிவிட்டு, மீதி ஒரு பைட்டில் 90 என்று, ஒன்றும் செய்யாத நாப் கட்டளையை வைத்துவிடும். நிரலர் எழுதாத கட்டளை ஒன்று அவர் நிரலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. வேண்டாம் என்றால் 'ஷார்ட்' என்ற சொல்லை அவரே சேர்த்து எழுத வேண்டும். முதல் முறையும் இரண்டாம் முறையும் கணக்கிட்ட முகவரிகள் ஒத்துப்போகாவிட்டால் வரும் 'ஃபேஸ் எரர்' என்ற பிழைச் செய்தி, அந்தத் தலைமுறை நிரலர்களுக்கு நன்கு பழக்கமானது. பிழை உண்மையில் எங்கோ மேலே இருக்கும். செய்தி அதற்குப் பின்னால் உள்ள ஏதோ ஒரு பெயரைக் காட்டும். 1991இல் வந்த மாஸ்ம் 6.0 தேவையான அளவு பலமுறை படிக்கக் கற்றுக்கொண்டபின் இந்தத் தொல்லை ஓய்ந்தது. இன்றைய அசெம்ப்ளர்கள் பெரும்பாலும் அப்படித்தான், நீளங்கள் நிலைபெறும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிடுகின்றன.

சதுர அடைப்பு

ஐபிஎம் பிசி 1981 ஆகஸ்டில் வெளிவந்தது. அதன் இயங்குதளம் அதற்கு முன்பே ஓர் அசெம்ப்ளரோடு பிறந்திருந்தது. சியாட்டில் கம்ப்யூட்டர் ப்ராடக்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் டிம் பேட்டர்சன், 8086க்கு இயங்குதளம் எழுதுவதற்காக முதலில் இசட்80 கணினியில் ஓடும் 8086 அசெம்ப்ளர் ஒன்றை எழுதிக்கொண்டார். பிறகு அதைக் கொண்டு 86-டாஸ் எழுதினார். மைக்ரோசாஃப்ட் 1981இல் அதை வாங்கி எம்எஸ்-டாஸ் ஆக்கியது. கருவி முதலில், வேலை பிறகு. சொந்தமாகக் கருவி செய்யத் தெரிந்தவர்களின் காலம் அது. பேட்டர்சனின் அசெம்ப்ளரில் ஒரு விதி தெளிவாக இருந்தது. நினைவகத்தில் உள்ள மதிப்பு வேண்டுமென்றால் சதுர அடைப்புக்குள் எழுது.

மாஸ்ம் வேறு பாதையில் போனது. அதில் 'மூவ் ஏஎக்ஸ், எண்ணிக்கை' என்று ஒரு வரி இருந்தால், அதை மட்டும் படித்து அது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. எண்ணிக்கை என்பது ஒரு மாறிலியாக அறிவிக்கப்பட்டிருந்தால் அந்த எண் நேரே ஏஎக்ஸில் வரும். நினைவகத்தில் இடம் ஒதுக்கப்பட்ட மாறியாக இருந்தால் அங்கே இருக்கும் மதிப்பு வரும். இரண்டுக்கும் இயந்திரக் கட்டளை வேறு, பைட்டுகள் வேறு. எதைச் செய்ய வேண்டும் என்பதை மாஸ்ம் அறிவிப்பைப் பார்த்து முடிவு செய்கிறது. முகவரி வேண்டுமென்றால் 'ஆஃப்செட்' என்று சேர்க்க வேண்டும். இதைவிட வியப்பு, வெறும் எண்ணைச் சதுர அடைப்பில் போட்டால் அடைப்பை அது கண்டுகொள்வதே இல்லை. [5] என்று எழுதியவர் ஐந்தாம் முகவரியில் உள்ளதைக் கேட்கிறார். மாஸ்ம் 5 என்ற எண்ணையே கொடுத்துவிடுகிறது.

போர்லாண்ட் நிறுவனம் 1988இல் கொண்டுவந்த டர்போ அசெம்ப்ளர், அதாவது டாஸ்ம், இந்தக் குறைகளைத் தெரிந்தே களத்தில் இறங்கியது. அதற்கு இரண்டு முகங்கள். மாஸ்முக்காக எழுதிய நிரல்களை அப்படியே ஏற்கும் முகம் ஒன்று. அதில் மாஸ்மின் கோளாறுகளையும் சேர்த்து நடிப்பதற்கென்று 'குவர்க்ஸ்' என்ற தனி ஏற்பாடே இருந்தது. மற்றது 'ஐடியல்' முறை. அதில் விதிகள் சீராக இருந்தன. பழைய நிரல்களை விட்டுவிடவும் முடியாது, தவறான விதியோடு வாழவும் முடியாது என்ற இக்கட்டில் இது நேர்மையான தீர்வு என்றே சொல்வேன். ஆனால் டாஸ்முக்கு இன்று ஆதரவு இல்லை. புதிய வேலைக்கு அதை எடுக்காதீர்கள்.

1996இல் சைமன் டேத்தமும் ஜூலியன் ஹாலும் தொடங்கிய நாஸ்ம், பேட்டர்சனின் விதிக்கே திரும்பி வந்தது. சதுர அடைப்பு இருந்தால் நினைவகம். இல்லாவிட்டால் முகவரி அல்லது எண். விதிவிலக்கு இல்லை. மாறி எப்படி அறிவிக்கப்பட்டது என்பதையும் நாஸ்ம் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அதனால் 'மூவ் [எண்ணிக்கை], 5' என்று எழுதினால் ஒரு பைட்டா, இரண்டா, நான்கா என்று கேட்டு நின்றுவிடும். 'வேர்டு' என்றோ 'பைட்' என்றோ நாம்தான் சொல்ல வேண்டும். மாஸ்மிலிருந்து வருகிறவர்களுக்கு இது தொந்தரவாகத் தோன்றும். எனக்கு இதுதான் நாஸ்மின் பெரிய குணம். ஒரு வரியைத் தனியே எடுத்துப் படித்தாலே அது எந்தக் கட்டளையாகும் என்று தெரிந்துவிடுகிறது. கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. (இதே டேத்தம்தான் பின்னாளில் புட்டி என்ற மென்பொருளை எழுதினார். தொலைவில் உள்ள சர்வரில் நுழைய விண்டோஸ்காரர்கள் பலகாலம் நம்பியிருந்தது அதைத்தான்.)

நாஸ்மும் நம் பெயரில் முடிவெடுக்காமல் இல்லை. 64 பிட் நிரலில் 'மூவ் ஆர்ஏஎக்ஸ், 1' என்று எழுதினால் அது ஐந்தே பைட்டில் முடிக்கிறது: பி8 01 00 00 00. உண்மையில் இது இஏஎக்ஸ் என்ற 32 பிட் பாதியில் 1ஐ வைக்கும் கட்டளை. அப்படிச் செய்தால் மேல்பாதி தானாகவே பூஜ்யமாகிவிடும் என்பது இந்தப் பிராசஸர்களின் விதி என்பதால் விளைவு ஒன்றுதான். இதே வரியை, ஜிசிசி கம்பைலர் பயன்படுத்தும் குனூ அசெம்ப்ளரிடம் அதன் எழுத்து வழக்கில் கொடுத்தால், தனியாகச் சொல்லாதவரை 48 சி7 சி0 01 00 00 00 என்று ஏழு பைட் வரும். ஒவ்வொரு பைட்டையும் எண்ணுகிறவர்களுக்கு இது முக்கியம். நாஸ்மில் இந்தச் சுருக்கல் வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். அதாவது ஒரே நிரல், ஓட்டும்போது தரும் கட்டளையைப் பொறுத்து வேறு வேறு பைட்டுகளைத் தரும்.

போலந்தைச் சேர்ந்த தோமாஷ் க்ரிஷ்தார் இதை ஏற்கவில்லை. அவர் எழுதிய ஃபாஸ்மின் அடிப்படைக் கொள்கை, ஒரே மூல நிரல் எப்போதும் ஒரே விளைவைத்தான் தர வேண்டும் என்பது. எந்த வகைக் கோப்பு, எந்த அமைப்பு என்பதெல்லாம் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். வெளியிலிருந்து தரும் விருப்பங்கள் வெளிவரும் பைட்டுகளை மாற்றக் கூடாது என்பதே நோக்கம். ஃபாஸ்ம், ஃபாஸ்மிலேயே எழுதப்பட்டது. தன்னைத் தானே உருவாக்கிக்கொள்ளும். துண்டுகளை இணைத்து ஓடும் நிரலாக்கும் லிங்கர் இல்லாமலே விண்டோஸ் இஎக்ஸ்இ கோப்பை நேரடியாக எழுதித் தரும். 1.44 எம்பி ஃப்ளாப்பி ஒன்றில் வரைகலைத் திரையோடு அடங்கிய மெனுவெட் இயங்குதளம் இதில்தான் எழுதப்பட்டது. முழு நிரலையும் அசெம்ப்ளியிலேயே எழுதப்போகிறேன், வேறு மொழி கலக்கப்போவதில்லை என்கிறவருக்கு ஃபாஸ்மைவிடப் பொருத்தமானதை நான் பார்த்ததில்லை.

யாரோடு சேர வேண்டும்

இப்படி முழுவதும் அசெம்ப்ளியில் எழுதுகிறவர்கள் குறைவு. 1983இன் லோட்டஸ் 1-2-3 அப்படி எழுதப்பட்டது. 1999இல்கூட கிறிஸ் சாயர் ரோலர்கோஸ்டர் டைகூன் விளையாட்டின் ஏறத்தாழ எல்லாவற்றையும் அசெம்ப்ளியில் எழுதினார். இன்றைய நிலை வேறு. சி, சி++, ரஸ்ட் போன்ற மொழியில் பெரும்பகுதி இருக்கும். மிக வேகமாக ஓட வேண்டிய சில பகுதிகள் மட்டும் அசெம்ப்ளியில் வரும். அப்போது அசெம்ப்ளர், கம்பைலரோடும் லிங்கரோடும் ஒத்துப்போக வேண்டும். லினக்ஸில் எல்ஃப், விண்டோஸில் காஃப், மேக்கில் மாக்-ஓ என்று மூன்று வகைக் கோப்புகள். நாஸ்ம் மூன்றையும் எழுதும். மாஸ்ம் விண்டோஸுக்கு மட்டும்.

கம்பைலர் பக்கமும் கவனிக்க வேண்டியது உண்டு. விஷுவல் ஸ்டுடியோவில் 32 பிட் நிரலுக்கு சி வரிகளுக்கு நடுவிலேயே அசெம்ப்ளி எழுதலாம். 64 பிட்டில் மைக்ரோசாஃப்ட் அந்த வசதியை எடுத்துவிட்டது. தனிக் கோப்பில் எழுதி, உடன் வரும் 64 பிட் மாஸ்மில் ஓட்டிச் சேர்க்க வேண்டும். அந்த 64 பிட் மாஸ்மில், மாஸ்ம் 6 கொண்டுவந்த 'இன்வோக்', '.இஃப்' போன்ற வசதிகளும் இல்லை. பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு புதிய மாஸ்மில் முயல்கிறவர் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான்.

ஜிசிசி பயன்படுத்துகிறவர் குனூ அசெம்ப்ளரைத் தவிர்க்க முடியாது. ஜிசிசி சி நிரலை முதலில் அசெம்ப்ளியாக எழுதி அதனிடம்தான் ஒப்படைக்கிறது. 1980களில் டீன் எல்ஸ்னர் வாக்ஸ் கணினிக்காக இந்த அசெம்ப்ளரை எழுதத் தொடங்கினார். கம்பைலர் எழுதியதைப் படிப்பதே அதன் முதல் வேலை என்பதால் மனிதர் எழுதுவதற்கான வசதிகள் அதில் குறைவு. அதன் இயல்பான வழக்கு ஏடி&டி வழக்கு. யூனிக்ஸ் வளர்ந்த பிடிபி-11 கணினியின் முறைப்படி எடுக்கும் இடம் முதலில், வைக்கும் இடம் பிறகு. ரெஜிஸ்டர் பெயருக்கு முன் % குறி, எண்ணுக்கு முன் $ குறி. நகலெடுக்கும் கட்டளைக்கு இந்த வரிசை இயல்பாகவே இருக்கிறது. ஒப்பிடும் கட்டளையில்தான் தலை சுற்றுகிறது. 'சிஎம்பி %இபிஎக்ஸ், %இஏஎக்ஸ்' என்று எழுதி, அடுத்த வரியில் 'பெரிதாக இருந்தால் தாவு' என்று எழுதினால், இடமிருந்து வலம் படிப்பவர் இபிஎக்ஸ் பெரிதாக இருந்தால் என்று எண்ணுவார். பிராசஸர் தாவுவது இஏஎக்ஸ் பெரிதாக இருக்கும்போது. இன்டெல் வழக்குக்கு மாற்றும் ஒரு வரி குனூ அசெம்ப்ளரிலும் உண்டு. நீளமாக எழுதுகிறவர் கோப்பின் தலையிலேயே அதைப் போட்டுவிடுவது நல்லது. ஆனால் ஏடி&டி வழக்கைப் படிக்கவாவது பழகிக்கொள்ளுங்கள். லினக்ஸ் கெர்னலின் அசெம்ப்ளிப் பகுதிகளும் ஜிசிசி தரும் வரிகளும் அதில்தான் இருக்கின்றன.

இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது பிராசஸர். 2020 நவம்பரில் வந்த எம்1 முதல் ஆப்பிளின் சொந்தச் சிப்கள் ஆர்ம் குடும்பம். ராஸ்பெரி பையும் அப்படியே. இன்டெல் குடும்பத்துக்காகவே எழுதப்பட்ட நாஸ்முக்கு அங்கே இடமில்லை. குனூ அசெம்ப்ளர், அல்லது கிளாங்கோடு வரும் அசெம்ப்ளர்தான் வழி.

மனிதர்கள் இன்றும் கையால் அசெம்ப்ளி எழுதும் இடம் எது என்று பார்த்தால் தேர்வு இன்னும் தெளிவாகும். நீங்கள் பார்க்கும் வீடியோக்களைச் சுருக்கவோ விரிக்கவோ உதவும் எஃப்எஃப்எம்பெக், எக்ஸ்264, டேவிட் ஆகிய திறந்த மென்பொருள்களில் அது இருக்கிறது. 2018இல் வெளிவந்த டேவிட், ஏவி1 வீடியோவை விரிப்பது. அதில் சி வரிகளைவிடக் கையால் எழுதிய அசெம்ப்ளி வரிகளே அதிகம். ஒரே கட்டளையில் 16, 32, 64 பைட் என்று அள்ளிக் கணக்கிடும் வசதிகளைக் கம்பைலரைவிட மனிதர் நன்றாகப் பயன்படுத்த முடியும் என்பதே காரணம். இந்தத் திட்டங்களின் இன்டெல் பகுதிகள் நாஸ்மில் ஓடுகின்றன. அதற்கு ஒரு முக்கியக் காரணம் மேக்ரோ வசதி. ஒரு செயற்கூறுக்கு அனுப்பும் முதல் மதிப்பை லினக்ஸ் ஆர்டிஐ ரெஜிஸ்டரில் வைக்கிறது, விண்டோஸ் ஆர்சிஎக்ஸில் வைக்கிறது. எக்ஸ்264 குழு எழுதிய ஒரு மேக்ரோத் தொகுப்பு இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. ஒருமுறை எழுதினால் இரண்டிலும் ஓடும்.

இதே திட்டங்கள் முன்பு யாஸ்மைப் பயன்படுத்தின. நாஸ்மின் வழக்கையே ஏற்று, பீட்டர் ஜான்சன் புதிதாக எழுதிய அசெம்ப்ளர் அது. நாஸ்முக்கு முன்பே 64 பிட் வசதி அதில் வந்துவிட்டதால் எல்லோரும் அங்கே போனார்கள். நாஸ்முக்கு அந்த வசதி 2007இல்தான் வந்தது. யாஸ்மின் 1.3.0 பதிப்பு 2014இல் வெளிவந்ததோடு வளர்ச்சி நின்றது. பிறகு 512 பிட் அகல ரெஜிஸ்டர்களைக் கொண்ட ஏவிஎக்ஸ்-512 கட்டளைகள் வந்தன. யாஸ்முக்கு அவை தெரியாது. எக்ஸ்264 முதலானவை நாஸ்முக்குத் திரும்பின. நல்ல வேளையாக இரண்டின் வழக்கும் ஒன்றாக இருந்ததால் லட்சக்கணக்கான வரிகளைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. பிராசஸர் வளர்ந்துகொண்டே இருக்கும்வரை, பராமரிக்க ஆளில்லாத அசெம்ப்ளர் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் ஒருநாள் கைவிட்டுவிடும். இது ஃபாஸ்ம் விரும்பிகளும் யோசிக்க வேண்டிய விஷயம். அதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஒற்றை மனிதர்.

சொந்தமாக இயங்குதளம் எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களையும் சொல்ல வேண்டும். பழைய பயாஸ் முறையில் கணினி எழும்போது வட்டின் முதல் 512 பைட்டை ஹெக்ஸ் 7சி00 என்ற முகவரியில் ஏற்றி, கடைசி இரண்டு பைட் 55 ஏஏ ஆக இருக்கிறதா என்று பார்த்து, அதற்குள் தாவிவிடும். இதற்கு எந்தத் தலைப்பும் இல்லாத வெறும் பைட்டுகளே கோப்பாக வேண்டும். நாஸ்மும் ஃபாஸ்மும் இதை ஒரு வரியில் செய்கின்றன. 510 பைட் வரை பூஜ்யத்தால் நிரப்பு என்று சொல்லிவிட்டு, கடைசி இரண்டை எழுதிவிடலாம். மாஸ்மில் லிங்கரோடு மல்லுக்கட்ட வேண்டும். இந்த வேலைக்கு மாஸ்மை எடுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோவோடு மட்டும் வேலை செய்கிறவர் மாஸ்மிலேயே இருக்கலாம். உடன் வருகிறது, டீபக்கர் அதைப் புரிந்துகொள்கிறது. ஜிசிசி நிரலுக்குள் பத்து இருபது வரி மட்டும் சேர்ப்பவருக்குக் குனூ அசெம்ப்ளரைத் தவிர வேறு வழி தேட வேண்டியதில்லை. கல்லூரிப் பாடத்தில் 8086ஐ மாஸ்மில் செய்துவிட்டு, இனி வீட்டுக் கணினியில் சொந்தமாக ஏதாவது எழுத வேண்டும் என்று நினைக்கும் மாணவர் நாஸ்முக்கு மாறட்டும். அது இலவசம். 2009 முதல் அதன் உரிமம் எந்த வேலைக்கும் பயன்படுத்தவிடும் அளவு தாராளமானது. கையேட்டில் மாஸ்மிலிருந்து வருகிறவர்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதை முதலில் படியுங்கள். முதல் நிரலை எழுதி ஓட்டும்போது லிஸ்டிங் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது தேர்ந்தெடுத்த பைட்டுகள் இருக்கும். புரியாத பைட் ஒன்று கண்ணில் பட்டால், இன்டெல் இலவசமாகத் தரும் கையேட்டின் இரண்டாம் தொகுதியை எடுத்து, அந்தக் கட்டளையின் பக்கத்தைப் பாருங்கள்.